புதன்கிழமை கட்டில் ஏன் காலியாக இருந்தது

சாமி,

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நீ புனேவில் உன் ஆபீசில் உட்கார்ந்து போனில் நம் வீட்டுக் கேமராவைத் திறந்து பார்த்தபோது, அப்பாவின் கட்டிலில் மடித்து வைத்த போர்வை மட்டும்தான் இருந்திருக்கிறது. கேமராவில் இருக்கும் ஸ்பீக்கர் வழியாக நீ "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாயாம். பக்கத்து வீட்டுச் சரசு சொன்னாள். ஆளில்லாத வீட்டுக்குள் உன் குரல் மட்டும் கேட்க, அவள் தெருவுக்கு ஓடி வந்துவிட்டாளாம். நீ மாமாவுக்குப் போன் செய்தாய், மாமா போலீசுக்குப் போனார். ஒன்றரை மணிக்கு நாங்கள் திரும்பி வந்தபோது வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார்கள். சாயங்காலம் நீ போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு? ஞாயித்துக்கெழம நான் வர்றேன். அந்தக் காரை எடைக்குப் போட்டுட்டு ரெண்டு பேரையும் இங்கயே கூட்டிட்டு வந்தர்றேன்." போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். பல வருடமாக அப்படித்தான் ஆகிவிட்டது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் சரசு இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். கடைசி வரைக்கும் படி. நடுவில் போன் செய்யாதே.

அப்பா வாதத்தில் விழுந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் போய், "அட" என்ற ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அட, வேண்டாமென்றாலும் அட, கோபத்துக்கும் அதுதான். எந்த அட எதற்கு என்று பிரித்துப் பார்க்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இரண்டு மணிக்கொரு தடவை அவரைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நீ ஏற்பாடு செய்த நர்சுகள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அதன் பிறகு என் நாள் என்பது இரண்டு மணி நேரத் துண்டுகளாக ஆகிவிட்டது. கடைவீதிக்குப் போக முடியாது. கல்யாணம், காது குத்து, எதற்கும் போக முடியாது. என் சொந்தத் தங்கை ஆத்தூரில் இறந்தபோது போய் முகம் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பினேன். நீ பாசத்தில்தான் அறையிலும் ஹாலிலும் கேமரா வைத்தாய், எனக்குத் தெரியும். ஆனால் நான் அடுப்படியில் சும்மா ஒரு நிமிடம் நின்றால் ஹாலில் இருந்து, "அம்மா, அப்பாவத் திருப்பிப் போட்டாச்சா? மணி ஆயிருச்சு" என்று உன் குரல் வரும். வீட்டுக்குள் தலையைச் சொறியக்கூட எனக்குக் கூச்சமாகிவிட்டது. உன்னிடம் ஒருநாளும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கேமரா பார்க்காத ஒரே இடம் பின்னால் இருக்கும் ஷெட். அப்பா லாரிகளுக்குப் பாடி கட்டிய ஷெட். ஆட்களெல்லாம் வேறு பட்டறைகளுக்குப் போய்விட்ட பிறகு அங்கே இரும்புத் துண்டுகளும், மூலையில் தார்ப்பாய் மூடிய என் ஹெரால்டு காரும்தான் இருந்தன. நீ சின்ன வயதில் அதற்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறாய். ஆனால் அது என் கார் என்று உனக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். ஆத்தூரில் எங்கள் அப்பா அரிசி மில் வைத்திருந்தார். கல்யாணத்துக்குச் சீராக அவர் ஓட்டிக்கொண்டிருந்த காரையே எனக்குக் கொடுத்தார். இரண்டே கதவு, சின்ன வண்டி. முன்பக்கத்தைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக வாயைத் திறந்துகொள்ளும், என்ஜின் முழுதும் வெளியே தெரியும். எனக்கு அதை ஓட்டத் தெரியும், சின்னச் சின்ன ரிப்பேரும் தெரியும். கல்யாணமாகி மூன்றாவது மாதம் சங்ககிரி சந்தைக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். வந்ததும் உங்கள் அப்பா வாசலில் நின்றார். "ஏம்புள்ள, ஊர்ல நாலு பேரு என்னயத்தான கேப்பாங்க, ஊட்டுக்காரிய டிரைவராப் போட்டுட்டயான்னு?" சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் காரின் பேட்டரி ஒரு லாரிக்குப் போய்விட்டது. "அடுத்த வாரம் வேற மாட்டித் தாரேன்" என்றார். அந்த அடுத்த வாரம் நாற்பது வருடத்துக்கு மேலாக வரவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் எனக்கு மூச்சு முட்டுவதுபோல இருந்தது. அப்பா தூங்கிய நேரம் ஷெட்டுக்குப் போய், தார்ப்பாயை விலக்கி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். எலி கடித்த சீட். தேங்காய் நார் வெளியே வந்திருந்தது. அங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கொஞ்ச நேரம் அழுதேன். அடுத்த நாளும் போனேன். பத்து நிமிடம் உட்காருவேன், வந்துவிடுவேன். ஒருநாள் என்னை அறியாமல் இடது கால் கிளட்ச்சை மிதித்தது. அது எந்தப் பிடிமானமும் இல்லாமல் தரை வரைக்கும் போய் அப்படியே கிடந்தது. எனக்கு அது என்னவோ போலாகிவிட்டது. குனிந்து கையால் பெடலைத் தூக்கிவிட்டேன். உள்ளே ரப்பர் போயிருக்கும் என்று மனதில் ஓடியது. பல மாதத்தில் அன்றுதான் மருந்து, மூத்திரம், சர்க்கரை அளவு தவிர வேறு ஒன்றை நினைத்தேன்.

அப்பாவிடம் முன்பு வேலை பார்த்த வெல்டர் மாரியப்பனைக் கூப்பிட்டேன். அவன் காரைச் சுற்றி வந்து ஸ்குரூ டிரைவரால் தரையைக் குத்தினான். கம்பி பொத்தென்று கீழே இறங்கிவிட்டது. "அக்கா, இது காரில்லீங்க, அப்பளம்" என்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாக ஒப்புக்கொண்டான். தரைத் தகட்டையும் கதவின் அடிப்பாகத்தையும் அவன் வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்ற வைத்தான். மற்ற வேலையெல்லாம் நான்தான். இரண்டு மணி நேரத் துண்டுக்குள் எது முடியுமோ அது. என்ஜின் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் டீசல் ஊற்றி ஊறப் போட்டேன். தினம் ஒருதடவை கியரில் போட்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிப் பார்ப்பேன். பதினெட்டாவது நாள் ஒரு விரல்கடை அசைந்தது. கார்ப்பரேட்டரைக் கழற்றி அடுப்படிக்குக் கொண்டுவந்து, இட்லிச் சட்டியில் போட்டுக் கழுவினேன். அதை நீ கேமராவில் பார்த்துவிட்டு, "என்னம்மா செய்யறீங்க?" என்று கேட்டாய். "விளக்கு தேய்க்கறேன் சாமி" என்றேன். பொய் சொல்லுவது எனக்கு எப்போதும் சுலபமாக வரும். அதைப் பற்றியும் இந்தக் கடிதத்தில் சொல்லியாக வேண்டும்.

என்ஜின் முதல்முதலாக ஓடிய அன்று அப்பாவை வீல்சேரில் வைத்துப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். அதுவரைக்கும் நான் ஷெட்டில் என்ன செய்கிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. புகை அடங்கியதும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு கண் சுருங்கி, தலை சாய்ந்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இடது கையைத் தூக்கி, வீல்சேரின் கம்பியில் ஒரு மாதிரியான தாளத்தில் தட்டினார். மூன்று தட்டு, ஒரு இடைவெளி. நாலில் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்று எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. பிளக் வயரை மாற்றி மாட்டினேன். சத்தம் சீரானது. "அட" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை மெச்சிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை சாமி, கோபம்தான் வந்தது. இந்த ஒரு சொல்லுக்கு மனுசன் வாயடைத்துப் போக வேண்டியிருந்ததா என்று நினைத்தேன்.

அவரை அதில் உட்கார வைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்புறம்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்சைத் தவிர எந்த வண்டியிலும் அவரை ஏற்ற முடியவில்லை. ஹெரால்டின் கதவு ரொம்ப அகலம். பக்கத்து சீட்டை அப்படியே கழற்றி, அடியில் ஒரு வட்டத் தகடும், பழைய இரும்பில் கிடந்த ஒரு பெரிய பேரிங்கும் வைத்து, சீட் கதவுப் பக்கமாகத் திரும்புகிற மாதிரி மாரியப்பன் அமைத்தான். வீல்சேரை ஒட்டி நிறுத்தி, நடுவில் ஒரு வழுக்குப் பலகை வைத்து அவரை நகர்த்திவிட்டால், சீட்டைச் சுழற்றி உள்ளே தள்ளி ஒரு இரும்புப் பின் போட்டுப் பூட்டிவிடலாம். முதல் தடவை அளவு தப்பி, அவர் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. சீட்டை நாலு விரல்கடை பின்னுக்குத் தள்ளி மறுபடி பற்ற வைத்தோம். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் பிடித்துக்கொள்ள லாரித் தார்ப்பாய் கட்டுகிற பெல்ட். பெயிண்ட் அடிக்கவில்லை. துரு பிடிக்காமலிருக்க செங்கல் நிறத்தில் ரெட் ஆக்சைடு பூசியதோடு சரி. தெருவில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். லைசென்சும் பேப்பரும் சரியாக இருக்கின்றன, பயப்படாதே. அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது இந்தப் புதன்கிழமைதான் முதல் தடவை.

ஜேடர்பாளையம் போய், அணையில் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். போனை வேண்டுமென்றேதான் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மறந்துவிட்டேன் என்று உன்னிடமும் போலீஸ்காரரிடமும் சொன்னது பொய். திருச்செங்கோடு தாண்டும் வரைக்கும் நன்றாக வந்தது. அப்பா ஜன்னலுக்கு வெளியே இடது கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு, ரோட்டை அகலப்படுத்துவதற்காக மரமெல்லாம் வெட்டிய ஒரு இடத்தில், இருபக்கமும் மரவள்ளிக் காடு, வண்டி இரண்டு தடவை திக்கி நின்றுவிட்டது. சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும், ஆனால் ஆற வேண்டும். அவரை வெயிலிலிருந்து இறக்கி ஓரமாக உட்கார வைக்கலாம் என்று சீட்டைப் பூட்டிய இரும்புப் பின்னை இழுத்தேன். வரவில்லை. ஜாக்கி கம்பியால் தட்டினேன், அது இன்னும் வளைந்துகொண்டது. அவர் சீட்டோடு பெல்ட்டில் கட்டுண்டு அப்படியே இருந்தார். தகரம் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் வேட்டி நனைந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இருந்த தண்ணீரை அவர் தலையில் நனைத்தேன். எங்கே போனாலும் இந்த மனுசனும் நானும் ஒரு பெட்டிக்குள்தான் அடைந்து கிடக்க வேண்டும்போலிருக்கிறது என்று தோன்றியது.

அந்தச் சூட்டுக்குள்தான் உன் ஞாபகம் வந்தது. இருபத்திநாலு வருடத்துக்கு முன்னால் நாமக்கல் பக்கத்தில் அந்த ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்தோம். மார்க் வாங்க வைப்பார்கள் என்று ஊரே சேர்த்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். அப்படி ஒருநாள் மைதானத்தில் உட்கார்ந்து நான் கொண்டுவந்த கோழிக் குழம்பைத் தொடாமல் நீ சொன்னாய், "அம்மா, கக்கூசு போறதுக்குக்கூட பெல்லடிக்கறாங்கம்மா. என்னயக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா." நான், "ரெண்டு வருசந்தான சாமி, பல்லக் கடிச்சுக்கிட்டு இரு" என்றேன். பிளஸ் டூ நடுவில் ஒருநாள் சுவர் ஏறிக் குதித்து, லாரி ஒன்றில் கெஞ்சி ஏறி, விடியும்போது நம் வீட்டு வாசலில் வந்து நின்றாய். முழங்காலில் இருந்து ரத்தம் காய்ந்திருந்தது. உனக்கு ஆறு தோசை சுட்டுப் போட்டேன். நீ சாப்பிட்டுத் தூங்கினாய். எழுந்ததும் உன்னைப் பஸ்ஸில் ஏற்றித் திரும்பவும் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூட வாசலில் நீ கேட்டாய், "அப்பா என்ன சொன்னாங்க?" என்று. "அப்பா கண்டிப்பாப் போகச் சொல்லிட்டாங்க சாமி, நான் என்ன பண்ணட்டும்" என்றேன்.

அப்பா அப்படிச் சொல்லவில்லை. நீ தூங்கியபோது உன் கால் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அடுப்படிக்கு வந்து, "ஏம்புள்ள, உட்ரு. பையன் இங்கயே இருக்கட்டும். மார்க்கு வந்தா வருது, இல்லாட்டி ஷெட்டப் பாத்துக்கட்டும்" என்றார். நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க ஷெட்டுலயே அவனும் துருப்புடிக்கணுமா?" என்று கேட்டேன். அவர் திரும்பி ஷெட்டுக்குப் போய்விட்டார். எனக்குப் பிடிவாதம். இந்த வீட்டில் நான் அடைபட்டது போதும், நீயாவது வெளியே போக வேண்டும் என்று ஒரு வெறி. உன்னை வெளியே அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன்னைப் பூட்டி வைத்தேன். பழியை ஏன் அவர் மேல் போட்டேன்? உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை, அது ஒன்று. பேட்டரியைக் கழற்றிய மனுசன்தானே, இதையும் சுமக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது, அது இன்னொன்று. அன்றிலிருந்து நீ அவரிடம் நேராகப் பேசியதில்லை. எதையும் என்னிடம் சொல்லித்தான் அவரிடம் கேட்பாய். அவருக்கு எல்லாம் தெரியும். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு உட்காரும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் விழுந்தபோது நீ எட்டு நாள் கழித்து வந்தாயே, அந்த எட்டு நாளும் அவர் கண் வாசல் பக்கமே இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புதன்கிழமை அந்தக் காருக்குள் அவரைப் பார்த்துக் கேட்டேன். "ஏனுங்க, அன்னைக்குப் பையனத் திருப்பி அனுப்புனது நாந்தான்னு அவங்கிட்டச் சொல்லீரட்டுங்களா?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வியர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. "அட" என்றார். பதினான்கு மாதத்தில் எல்லா "அட"வும் எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்த அட மட்டும் எனக்கு இன்று வரைக்கும் விளங்கவில்லை. சொல் என்றாரா, வேண்டாம் என்றாரா, இப்போதுதான் புத்தி வந்ததா என்றாரா தெரியாது.

கொஞ்ச நேரத்தில் போர் போடுகிற ரிக் லாரி ஒன்று வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். "ஏனுங்கம்மா, இந்த வண்டிய ஆரு ஓட்டிட்டு வந்தது?" என்று டிரைவர் கேட்டான். நான்தான் என்றதும் நம்பாமல் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். அவர்களிடம் சம்மட்டி இருந்தது. இரண்டே அடியில் பின் வெளியே வந்தது. அப்பாவைத் தூக்கி லாரி நிழலில் படுக்க வைத்து, நான் அவருக்கு வேட்டி மாற்றும் வரைக்கும் மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். "ஊட்டுல ஆருக்காச்சும் போன் போட்டுச் சொல்லீரட்டுங்களா?" என்று கேட்டான். உன் நம்பர் எனக்கு மனப்பாடம். இருந்தும் "வேண்டாங்க" என்றேன். அது தப்பு. நீ துடித்துக்கொண்டிருப்பாய் என்று தெரிந்தே சொன்னேன். அதற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பம்பு ஆறி நம் கார் கிளம்பியதும் ஆற்றுப் பக்கம் போகவில்லை. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் அப்பாவை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அறை வாசலில் அவர் இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். விடச் சொல்லிப் பார்த்தார்கள், விடவில்லை. மாமா இழுத்துப் பார்த்தார். கடைசியில் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். சுற்றி நின்ற ஆட்கள் மறைத்ததில் அது உன் கேமராவில் தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்கலாம், இதெல்லாம் ஆபத்து இல்லையா என்று. ஆபத்துதான். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் உனக்கு நாற்பது வயதாகிறது, உனக்கும் ஒரு குழந்தை இருக்கிறது, அதனால் ஒன்று சொல்கிறேன். ஒருவரின் நல்லதுக்கு என்று நீ எதையாவது செய்யும்போது, அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டுவிட்டுச் செய். நான் உன்னிடம் கேட்கவில்லை. உங்கள் அப்பா என்னிடம் கேட்கவில்லை. நீ எங்கள் இரண்டு பேரிடமும் கேட்கவில்லை. நாம் மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை சாமி, ஆனாலும் ஒருவரை ஒருவர் அடைத்துத்தான் வைத்திருக்கிறோம். புனேவில் உன் வீடு பதினோராவது மாடி. அங்கே வந்தால் அப்பாவுக்கு நல்ல டாக்டர்கள் கிடைப்பார்கள், எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அதை நான் மறுக்கவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ வந்து சேரும்போது வீட்டில் நாங்கள் இருக்க மாட்டோம், விட்டுப்போன தண்ணீரைப் பார்க்க ஜேடர்பாளையம் போயிருப்போம். மாரியப்பன் புதுப் பின் கடைந்து போட்டிருக்கிறான், கூடப் பின்சீட்டில் வருகிறான். போனை எடுத்துக்கொண்டுதான் போகிறேன், பதினொன்றரைக்குள் வந்துவிடுவோம். நாங்கள் வந்து இறங்கியதும், புனேவுக்கு வருகிறீர்களா என்று அப்பாவிடம் நீயே கேள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேள். அவர் சொல்லும் "அட"வுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல மாட்டேன். என் வாயால் அவர் பதிலை நீ கேட்டதெல்லாம் போதும். வீட்டுச் சாவி சரசுவிடம் இருக்கும். அடுப்பு மேல் சோறும் குழம்பும் மூடி வைத்திருப்பேன். பசித்தால் எங்களுக்காகக் காத்திருக்காமல் போட்டுச் சாப்பிடு.

அம்மா